பட்டிப்பளை ஆற்றோடு ஒரு பயணம்

கிழக்கிலங்கையின் வயல் நிலங்களைப் பற்றிப் பேசும்போது 'கல்லோயா' என்ற பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிங்களத்தில் கல்லோயா என்றும், நம் முன்னோர் வாயில் பட்டிப்பளை ஆறு என்றும் வழங்கும் இந்த ஆறு, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கிறது. வடக்கும் கிழக்குமாக வளைந்து இங்கினியாகலையைக் கடந்து, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றர் தூரத்தில் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் 108 கிலோமீற்றர். மகாவலியோடு ஒப்பிட்டால் சிறிய ஆறுதான். ஆனால் அம்பாறை மாவட்டத்தில் சோற்றுப் பானை ஏறும் வீடுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த ஆற்றுக்குக் கடன்பட்டவை.

ஆற்றின் அணைக்கட்டிலிருந்து கடல் வரை, தண்ணீர் போகும் திசையிலேயே ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். சம்மாந்துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். அவரது குடும்பம் மூன்று தலைமுறையாக வேளாண்மை செய்வது. "மேலே இருப்பவன் எப்படித் தண்ணீரைப் பார்க்கிறான் என்று நானும் பார்க்க வேண்டும்" என்று சொல்லிக் கொண்டே புறப்பட்டார். அந்தப் பார்வைதான் இக்கட்டுரைக்கும் ஆதாரம்.

இங்கினியாகலை

அம்பாறையிலிருந்து இங்கினியாகலைக்குப் போகும் வீதி, காடும் வயலும் மாறிமாறி வரும் அழகான வீதி. அணைக்கட்டின் மேல் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பு. நடுவே மலைகள் தீவுகளாக நிற்கின்றன. யானைகள் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு நீந்திப் போகும் காட்சிக்குப் பெயர்பெற்ற இடம் இது. இதுதான் சேனாநாயக்க சமுத்திரம். நிரம்பினால் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீர் கொள்ளும். அதாவது அத்தனை ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தலாம்.

சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1949 இல், கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டமூலம் அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையைப் பார்த்து வகுக்கப்பட்ட ஏற்பாடு அது. டி.எஸ். சேனாநாயக்கவின் காலத்தில், மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி அணையைக் கட்டியது. இடது கரை, வலது கரை என இரு பெரும் வாய்க்கால்களும், ஆற்றின் பழைய பாய்ச்சலைச் சார்ந்த ஆற்றுப் பிரிவும் என முழுப் பள்ளத்தாக்கும் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நீரேந்து பகுதியின் காட்டைக் காப்பதற்காக 1954 இல் கல்லோயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது.

இவை எல்லாம் பெருமைக்குரிய கணக்குகள். ஆனால் அணையின் மேல் நின்று பார்க்கும்போது தெரியாத வேறு கணக்குகளும் உண்டு. இந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வேடர்களின் இடங்கள் மாறின. கேகாலை, கண்டி போன்ற இடங்களிலிருந்து நிலமற்ற சிங்களக் குடும்பங்கள் இங்கே கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டன. தமிழ், முஸ்லிம் கொலனிகளும் அமைந்தன. ஆனால் பெரும்பாலும் வாய்க்காலின் தலைப்பில் ஒரு மொழி, கடைக்கோடியில் வேறொரு மொழி என்று ஆனது. 1956 ஜூன் மாதம், தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி மூண்ட கலவரத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் பலர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டது. ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கிடையில் இத்தனை கசப்பு!

ஆயிரம் ஆண்டுப் பழைய தூண்

இங்கினியாகலையிலிருந்து அம்பாறைக்குத் திரும்பும் வழியில் கொண்டவட்டுவான் குளம் இருக்கிறது. இந்தப் பெயரைச் சரித்திரம் படிப்போர் அறிவர். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தூண் கல்வெட்டு இங்கே கிடைத்தது. அதிலே வேளாண்மை வேலைகளுக்கான கட்டுப்பாடுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உரிய காலத்தில் உழாமல் தாமதிப்பவருக்குத் தண்டம் உண்டு!

ஒருவன் உழுவதற்குப் பிந்தினால் ஊருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் ஆற்று நீரைப் பங்கிடுவதன் சூட்சுமம் புரியும்.

ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த, சுமார் 22 ஆயிரத்து 600 கலன் தேவை. இது 1 இலட்சத்து 2 ஆயிரம் லீற்றருக்கும் அதிகம். ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 600 லீற்றர் பாவித்தால், இந்த ஓர் அங்குலத் தண்ணீர் ஐந்தரை மாதத்துக்குப் போதும். நெல்லுக்கோ அங்குலக் கணக்கில் அல்ல, அடிக் கணக்கில் நீர் வேண்டும். அதிலும் காய்ந்த நிலத்தை ஊறவைத்து உழுது சேறாக்கும் காலத்தில் பெருமளவு நீர் செலவாகிறது. ஒரு வாய்க்காலில் இருபது பேர் இருந்து, ஒருவர் இன்றைக்கும் மற்றொருவர் மூன்று வாரம் கழித்தும் உழுதால், அத்தனை நாளும் வாய்க்கால் முழுக்க ஓடிக் கொண்டேயிருக்க வேண்டும். மண்ணுக்குள் கசிவதும் வெயிலில் ஆவியாவதும் எல்லோருடைய பங்கிலிருந்துதான் போகிறது. அறுவடைக் காலத்திலும் அப்படியே. பிந்தி விதைத்த ஒருவரின் வேளாண்மைக்காகக் குளத்தின் துருசை மூடாமல் வைத்திருக்க வேண்டி வரும்.

இதனால்தான் நம் பகுதிகளில் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் வைக்கிறார்கள். எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளில் விதைப்பை முடிப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, எந்த நாளில் தண்ணீரை மூடுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். வட்டவிதானையைத் தெரிவு செய்வதும் இத்தகைய கூட்டத்திலேயே. வாய்க்காலைப் பார்ப்பது, தண்ணீர் முறை வைப்பது, வேலியையும் கட்டாக்காலி மாட்டையும் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்குக் கூலியாக அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று நெல் கொடுப்பது வழக்கம்.

1958 இல் நெற்காணிச் சட்டம் வந்தபோது பயிர்ச்செய்கைக் குழுக்கள் உருவாயின. 1972 இல் வேறொரு சட்டத்தின் கீழ் விவசாய உற்பத்திக் குழுக்கள் வந்தன. 1979 இல் மீண்டும் ஒரு மாற்றம். பெயர்ப் பலகைகள் மாறின. வாய்க்காலின் கடைசியில் இருந்தவனின் வயல் மட்டும் காய்ந்தபடியே இருந்தது. குழு எதுவானாலும் அது கந்தோரிலிருந்து கீழே வந்ததே தவிர, வாய்க்காலிலிருந்து மேலே போகவில்லை.

கொனாகொல்லையில் கேட்ட கதை

அம்பாறையிலிருந்து உகணை வழியாக இடது கரை வாய்க்காலை ஒட்டிப் போனோம். கொனாகொல்லையில் ஒரு தேநீர்க் கடை. அங்கே இருந்த வயோதிபச் சிங்கள விவசாயி ஒருவர், நாங்கள் தண்ணீர் பார்க்க வந்தவர்கள் என்றதும் தமது பிளேன்டீயை மறந்து பேசத் தொடங்கினார். நண்பர் சிங்களம் நன்கு அறிந்தவர். 1981 ஆம் ஆண்டைப் பற்றித்தான் பெரியவர் பேசினார்.

அந்த ஆண்டு வாசகர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஆண்டு. கல்லோயா இடது கரை அப்போது மிக மோசமான நிலையில் இருந்தது. துருசுக் கதவுகள் உடைந்து கிடந்தன. வயல் வாய்க்கால்கள் பல ஆண்டுகளாகச் சுத்தம் செய்யப்படாமல் புல்லும் மண்ணும் அடைந்து கிடந்தன. தலைப்பில் இருப்பவர் இரவில் கதவை உயர்த்துவார். கடைசியில் இருப்பவர் வாய்க்கால் கட்டை வெட்டுவார். 'நாட்டிலேயே மிகச் சிக்கலான நீர்ப்பாசனத் திட்டம்' என்று அதிகாரிகளே சொல்லும் அளவுக்குப் பெயர் கெட்டிருந்தது.

அமெரிக்க உதவியுடன் வாய்க்கால்களைப் புனரமைக்கும் திட்டம் தொடங்கியபோது, அதோடு சேர்த்து ஒரு சமூக முயற்சியும் ஆரம்பிக்கப்பட்டது. கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் அதைப் பொறுப்பேற்றன. பல்கலைக்கழகம் முடித்த இளைஞர்களும் யுவதிகளும் பயிற்சி கொடுக்கப்பட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு அதிகாரமும் கிடையாது, பகிர்ந்து கொடுக்கப் பணமும் கிடையாது. விவசாயிகளோடு தங்கி, வீடுவீடாகப் போய்ப் பேசி, அவர்களே ஒன்றுகூடி வேலை செய்யத் தூண்டுவதுதான் தொழில்.

அந்த இளைஞர்கள் கையாண்ட முறை எளிமையானது. முதலில் சங்கம் அமைத்து, தலைவர் செயலாளர் தெரிவு செய்து, பிறகு வேலையைத் தேடும் வழக்கத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரை மட்டும் கூட்டினார்கள். "இந்த வாய்க்காலில் நீங்களே செய்யக்கூடிய வேலை எது?" என்று கேட்டார்கள். வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்குவது என்று பதில் வந்தது. சிரமதானம் நடந்தது. வேலை செய்து காட்டிய பின்னர்தான், தங்களுக்காகப் பேச ஒருவரைத் தெரிவு செய்யுமாறு சொன்னார்கள். அதுவும் வாக்கெடுப்பில் அல்ல. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒருவரை. வாக்கெடுப்பு என்றால் கட்சி வரும், கட்சி வந்தால் வாய்க்கால் இரண்டாகும் என்பது அவர்களின் கணிப்பு. அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்து கிளை வாய்க்காலுக்கு ஓர் அமைப்பு. அதற்கு மேல் பிரதேச சபை. அதற்கும் மேல் பொறியியலாளர்களும் விவசாயிகளும் ஒன்றாக அமரும் திட்டக் குழு. இப்படிக் கீழிருந்து மேலாகக் கட்டப்பட்டது அந்த ஏற்பாடு.

அந்த ஆண்டு சிறுபோகம் தொடங்கும்போது சமுத்திரத்தில் நீர் மிகக் குறைவு; மூன்றில் ஒரு பங்கும் இல்லை. சண்டை மூளும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. விவசாயிகள் தாமாகவே வாய்க்கால்களைத் துப்புரவு செய்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். தமக்குத் தேவையானதை எடுத்ததும் வக்கடையை அடைத்து, மிச்சத்தைக் கீழே விட்டார்கள். கீழே இருந்த வயல்களில் தமிழ் பேசுவோரின் வயல்களும் அடக்கம்!

"ஏன் விட்டீர்கள்?" என்று நண்பர் நேராகவே கேட்டுவிட்டார். பெரியவர் சிரித்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: முன்பு கீழே இருப்பவர் யாரென்றே தெரியாது, கூட்டத்தில் அவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் வயல் எப்படி இருக்கிறதென்று சொன்ன பிறகு, கதவைத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

நண்பர் அதன் பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

கடைக்கோடியில்

கொனாகொல்லையிலிருந்து மத்தியமுகாம் வரும்போது மொழி மாறுகிறது. கடைப் பலகைகள் மாறுகின்றன. பள்ளிவாசல் மினாராவும் கோயில் கோபுரமும் தெரிகின்றன. வாய்க்கால் மட்டும் மாறவில்லை. ஒடுங்கிக் கொண்டு வருகிறது. அங்கே வட்டவிதானையாக நீண்ட காலம் இருந்த ஒரு காக்காவைச் சந்தித்தோம். வயல்வாடியில் பாய் விரித்து உட்கார வைத்தார்.

"தம்பி, தண்ணி வருவது வேறு, நேரத்துக்கு வருவது வேறு" என்றார் அவர். "கதிர் வரும் நேரம் தண்ணி இல்லாமல், வெட்டுற நேரம் வந்து நிறைஞ்சால் அதை வைத்து நான் என்ன செய்யிறது?"

கடைக்கோடி விவசாயியின் முழுத் துன்பமும் இந்த வார்த்தைகளில் அடங்கும். எவ்வளவு வரும், எப்போது வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், குறைந்த நீரிலும் வேளாண்மை செய்துவிடலாம். நிச்சயமில்லாதபோதுதான் கிடைக்கும்போதே அள்ளிக் கொள்ளும் புத்தி வருகிறது. தலைப்பில் இருப்பவர் இரவில் கதவை உயர்த்துவதும் பேராசையால் மட்டுமல்ல. நாளைக்கு வருமோ வராதோ என்ற பயத்தாலும்தான். முறை வைத்துப் பங்கிடுவதால் முதலில் போவது இந்தப் பயம்.

காக்கா இன்னொரு விடயமும் சொன்னார். ஆரம்பத்தில் மேற்பகுதியில் வேலை செய்த அமைப்பாளர்கள் சிங்களம் பேசுவோர். தமிழ் பேசும் அமைப்பாளர்கள் பிறகே சேர்க்கப்பட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனங்கள் கிடைக்க, ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். தற்காலிகத் தொழிலில் எத்தனை நாள்தான் இருப்பார்கள்? ஆனால் அவர்கள் போன பின்னும் வாய்க்கால் குழுக்கள் எல்லாம் சரிந்துவிடவில்லை. விதைத்தவன் போனாலும் வேர் பிடித்தது நிற்கும் என்பது இதுதான்.

இதற்குச் சான்று 1997 இல் கிடைத்தது. அந்தச் சிறுபோகத்தின்போது, நெல் விதைக்கும் அளவுக்குக் குளத்தில் நீர் இல்லை என்று பொறியியலாளர்கள் விவசாயிகளுக்குத் தெரிவித்தார்கள். விவசாய அமைப்புகள் கூடிப் பேசின. இருக்கும் நீரைச் சமமாகப் பங்கிட்டு, மேலும் கீழும் எல்லோரும் செய்வோம் என்று முடிவெடுத்தன. ஏறத்தாழ முழு நிலப்பரப்பிலும் வேளாண்மை செய்யப்பட்டது. கிடைத்த விளைச்சல் வழமையான சராசரியையும் விட நன்றாக இருந்தது! இது வெறும் ஊர்ப் பேச்சல்ல. ஆய்வாளர்கள் ஆராய்ந்து சர்வதேச சஞ்சிகையில் வெளியிட்ட செய்தி. அதுவும் எந்தக் காலத்தில்? நாடு போரில் எரிந்து கொண்டிருந்த காலத்தில். வயலுக்குப் போனவர்கள் வீடு திரும்பாத சம்பவங்களை நம் ஊர்கள் கண்ட அதே காலத்தில்.

கல்லோயாவில் கிடைத்த பாடம் நாட்டின் சட்டத்திலும் இடம்பிடித்தது. 1988 இல், பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களை விவசாயிகளும் அரசும் சேர்ந்து முகாமைத்துவம் செய்யும் கொள்கையை அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. 1991 இல் கமநல சேவைகள் சட்டம் திருத்தப்பட்டு விவசாய அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் அவை இடம்பெற்றன.

தண்ணீர் கூடினாலும் துன்பம்

மத்தியமுகாமிலிருந்து சவளக்கடை, கிட்டங்கி வழியாகக் கல்முனைக்கு வந்தோம். கிட்டங்கித் தாம்போதியை மாரி காலத்தில் வெள்ளம் மூடிவிடும். அப்போது அக்கரைக்கும் இக்கரைக்கும் தோணியும் உழவு இயந்திரமும்தான். காரைதீவில் திரும்பி மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறை நோக்கிப் போனால் அங்கும் இரு புறமும் வயல். நடுவே உயர்த்திய வீதி.

2024 நவம்பர் மாத இறுதியில் பெய்த கடும் மழையின்போது, இந்த மாவடிப்பள்ளி வீதியில்தான் வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றது. விடுமுறைக்கு வீடு திரும்பிக் கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் அதில் இருந்தார்கள். பல பிள்ளைகளின் உயிர் போனது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த இடத்தில் வாகனத்தை நிறுத்தி இறங்கினோம். தெளிந்த நீர் மெதுவாக ஓடிக் கொண்டிருந்தது. நண்பர் கையேந்தி துஆ செய்தார்.

ஆற்றுப் படுகையைப் பேணுவது என்றால் வரட்சியில் பங்கிடுவது மட்டுமல்ல, மழையில் வழிவிடுவதும்தான். மேலே பெய்யும் மழை வடிந்து கடலுக்குப் போக வேண்டிய பாதை நம் கரையோர ஊர்களுக்குள்ளால்தான் செல்கிறது. அந்தப் பாதையில் மண் நிரப்பி வீடு கட்டுகிறோம். வடிச்சல் வாய்க்காலில் குப்பை கொட்டுகிறோம். ஆற்றுவாய் மண்மூடிக் கிடந்தால் யாரோ வெட்டுவார்கள் என்றிருக்கிறோம். மேலே இருப்பவர் தண்ணீரை மறிக்கிறார் என்று கோடையில் குறை சொல்லும் நாம், மாரியில் அதே தண்ணீரின் வழியை மறிக்கிறோம். வெள்ளம் வரும்போது எந்தத் தாம்போதியில் எப்போது போக்குவரத்தை நிறுத்துவது என்று ஊரே முன்கூட்டி முடிவு செய்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆட்களை நிறுத்திவைத்தால் எத்தனை உயிர்களைக் காக்கலாம்! இதுவும் தண்ணீர் முகாமைத்துவமே.

குடிநீரும் இதே ஆறு

சிலர் நினைக்கலாம்: எங்களுக்கு வயலில்லை, ஆற்றோடு எங்களுக்கு என்ன தொடர்பு? காலம் மாறிவிட்டது. முன்பு கரையோர ஊர்களில் மணலில் கிணறு வெட்டினால் சில அடியில் நல்ல நீர். வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழிகள் நெருங்கிவிட்ட பிறகு அந்தக் கிணற்று நீரை நம்ப முடியவில்லை. இன்று நம் வீடுகளின் குழாயில் வரும் நீர் கொண்டவட்டுவானில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. நாங்கள் வுழூச் செய்வதும் அந்த நீரில், பிள்ளைக்குப் பால்மா கரைப்பதும் அந்த நீரில்.

மேல் வயலில் அடிக்கும் களைகொல்லியும் பூச்சிமருந்தும் வடிச்சல் நீரோடு கீழ் வயலுக்கு வருகின்றன. கீழ் வயலிலிருந்து களப்புக்குப் போகின்றன. ஆகவே பங்கு என்பது அளவில் மட்டும் பார்க்கும் விடயமல்ல. அழுக்கான பங்கைக் கொடுப்பதும் பங்கைப் பறிப்பதற்குச் சமம்.

மதீனாவின் ஓடை நீர் பற்றிய பிணக்குகளில், மேலே இருப்பவர் கணுக்கால் அளவுக்கு நீரைத் தேக்கிக் கொண்டபின் கீழே இருப்பவருக்கு விட்டுவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை நம் உலமாக்கள் எடுத்துச் சொல்வார்கள். மேலே இருப்பவருக்கு முதல் உரிமை உண்டு. அந்த உரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. கொனாகொல்லைப் பெரியவர் இதைப் படித்தவரல்லர். ஆனால் அவரது வக்கடையில் நடந்தது அதுதான்.

நாம் செய்யக் கூடியவை

களியோடைப் பாலத்தில் எங்கள் பயணம் முடிந்தது. கல்லோயாவின் நீர் அங்கே கடலை நெருங்குகிறது. வழியெல்லாம் கண்டதிலிருந்து வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லத் தோன்றுகிறது.

விவசாய அமைப்பு என்பது பசளை மானியத்துக்குக் கையொப்பம் வாங்கும் இடமென்று பல ஊர்களில் ஆகிவிட்டது. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் சிலரே போகிறார்கள். அங்கு எடுத்த முடிவைப் பிறகு பலரும் ஏசுகிறார்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஊரில் இருக்கும் போடிமார் கூட்டத்துக்கு வருவதில்லை. குத்தகைக்காரருக்கோ அங்கே பேச இடமில்லை. செய்பவர்கள் பேசாத கூட்டத்தில் வாய்க்காலின் உண்மை நிலை எப்படித் தெரியும்? பெண்களின் பெயரில் எத்தனையோ காணிகள் இருக்கின்றன. சீதனக் காணியின் சொந்தக்காரியான உம்மாவோ ராத்தாவோ ஒரு கூட்டத்திலாவது வாய் திறந்திருக்கிறாரா என்பதையும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, மேலும் கீழும் சந்திப்பது. 1981 இல் பணம் செய்யாததைப் பழக்கம் செய்தது. இன்று அம்பாறையில் நடக்கும் திட்டக் கூட்டத்துக்கு நம் பிரதிநிதிகள் போகிறார்கள். அதோடு நிற்காமல், போகத்துக்கு ஒரு முறையாவது கடைக்கோடி விவசாயிகள் தலைப்புக்கும், தலைப்பில் உள்ளவர்கள் கடைக்கோடிக்கும் போய் வயலைப் பார்த்து, ஒரு பகல் சாப்பாடு சேர்ந்து சாப்பிடும் வழக்கம் வந்தால் பெரிய செலவில்லை, பலன் அதிகம். பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்லும் ஆசிரியர்கள் இங்கினியாகலையில் படம் பிடித்துக் கொண்டு திரும்பிவிடாமல், வாய்க்காலோடு கீழே வந்து, தண்ணீர் எத்தனை கைகள் மாறித் தங்கள் ஊருக்கு வருகிறது என்று காட்டலாம்.

வீட்டிலிருப்போருக்கும் பங்குண்டு. ஒழுகும் குழாயை இன்றே திருத்துவது, வடிச்சல் கானில் பொலித்தீன் போடாதிருப்பது, நீரோட்டப் பாதையில் காணி வாங்காதிருப்பது ஆகியன எவர் அனுமதியும் தேவைப்படாத காரியங்கள்.

பாலத்தடியில் வலை வீசிக் கொண்டிருந்த மனிதர் ஒருவரிடம், இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று நண்பர் சும்மா கேட்டார். "மேலேயிருந்து" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்தார். அந்த 'மேலே' இருப்பவர்களைப் போய்ப் பார்த்து வந்ததில், ஒரு மாதம் கழித்து நண்பரிடமிருந்து எனக்கொரு செய்தி வந்தது. அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்னர், தமது வாய்க்காலில் உள்ள பதினான்கு பேரையும் கூட்டி ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாய்க்கால் வெட்டியிருக்கிறார். பதினொரு பேர் வந்தார்களாம். வராத மூவருடைய பகுதியையும் சேர்த்து வெட்டிவிட்டதாகவும், அடுத்த முறை அவர்களும் வருவார்கள், இன்ஷா அல்லாஹ், என்றும் சொல்லியிருந்தார்.